தொடக்கநிலையாளர் ஒருவர் தேவை

“எந்த லினக்ஸ் நல்லது மிஸ்?”

ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் என்னை இந்தக் கேள்விதான் இப்போது தேடி வருகிறது. விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பதினொன்றோ, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரிப் பழைய கணினிகளை மேலும் கீழும் பார்த்து, ‘சரிவராது’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எனவே என்னோடு வேலைசெய்த இளையவர்களுக்கு என் தொலைபேசி இலக்கம் திடீரென்று நினைவுக்கு வந்திருக்கிறது.

“ஆர் பாவிக்கப்போறது?” என்று நான் திருப்பிக் கேட்பேன்.

“பொதுவாத்தான் கேக்கிறன் மிஸ். தொடக்கநிலைக்காரருக்கு உகந்ததாச் சொல்லுங்கோவன்.”

தொடக்கநிலைக்காரர்! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க நான் வேலைபார்த்த கந்தோர் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

நான் கணினி படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. மன்னாரில் ரைப்ரைற்றிங் படித்தேன். இடம்பெயர்ந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் இடம்பெயர்ந்தேன். நடுவில் வவுனியாவில் ஒரு கணினி வகுப்பு. மின்சாரம் இருந்த நாட்களில் கணினியையும், இல்லாத நாட்களில் கணினியின் படத்தையும் படித்தோம். பிறகு கரையோரத்து மீனவர் கூட்டுறவுச் சங்கங்களையெல்லாம் ஒன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு கந்தோரில் தட்டச்சாளராகச் சேர்ந்தேன். ஒருநாள் செத்துக் கிடந்த கணினி ஒன்றைத் திறந்து, நினைவகத் தகட்டைக் கழற்றி, உப்புக்காற்றில் களிம்பேறியிருந்த அதன் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து மாட்டினேன். உயிர் வந்துவிட்டது. அன்றோடு ‘ஸ்டெல்லா மிஸ் ரெக்னிக்கல் ஆள்’ என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு மின்விசிறி சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் பொதுமுகாமையாளர் செபமாலை சேர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவர். கந்தோரிலும் அதே குரல்தான். “அந்தக் கதவைச் சாத்துங்கோ” என்பதைக்கூடத் திருவசனம் போலச் சொல்வார். எதிரில் இரண்டு பேர் இருந்தாலும் கூட்டம் என்றால் எழுந்து நின்றுதான் பேசுவார். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். குழு அமைப்பார். கூரை ஒழுகியபோது குழு அமைத்தார். குழு கூடி முடிவெடுக்க முன்னர் மாரி முடிந்துவிட்டது. “பாத்தீங்களோ, அவசரப்படாதபடியால் பிரச்சினை தானாத் தீர்ந்திட்டுது” என்றார்.

தமிழில் அவருக்குப் பெரும் பற்று. ‘கொம்பியூட்டர்’ என்று யாராவது சொன்னால் காது கேளாதவர் போல இருப்பார். ‘கணினி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். ‘ஃபோல்டர்’ என்றால் ‘கோப்புறை’ என்று திருத்துவார். அவருக்கு வரும் மின்னஞ்சல்களை நாங்கள் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைப்போம். அவர் பதிலைக் கையால் எழுதித் தருவார். நாங்கள் அதைத் தட்டச்சிட்டு அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கு அத்தாட்சியாக அதையும் அச்செடுத்துக் கொடுப்போம். இதற்குப் பெயர் எங்கள் கந்தோரில் ‘காகிதமற்ற நிர்வாகம்’.

கணினிகளைப் பகிர்ந்ததிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. பதவி உயர உயரக் கணினி புதிதாகும், வேலை குறையும். ஆகப் புதியது செபமாலை சேரின் அறையில், பூவேலை செய்த துணி போர்த்தி, மேலே பிளாஸ்ரிக் றோசாவோடு இருந்தது. சனங்கள் வந்து நிற்கும் முன்மேசையில் இருந்தவை, கந்தோருக்கு முதன்முதலில் வந்த பழசுகள். அவற்றில் காலையில் சுவிச்சைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்து, அந்தோனியாருக்கு ஒரு செபமும் சொல்லிவிட்டு வந்தால் விண்டோஸ் ஏழு மெல்லக் கண் விழித்திருக்கும்.

ஒருநாள் அது கண் விழிக்கவேயில்லை. யாரோ பென்ட்ரைவில் சினிமாப் படம் கொண்டுவந்து பார்த்ததில் வைரஸ் புகுந்து, சேரின் அறையில் இருந்ததைத் தவிர எல்லாக் கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. அங்கத்தவர் சான்றிதழ் அச்சிட வழியில்லை. களஞ்சியத்தில் என் பழைய ரைப்ரைற்றர் இருந்தது. ஆனால் ‘கணினியில் அச்சிடப்படாத சான்றிதழ் செல்லாது’ என்று நவீனமயப்படுத்தல் விதி ஒன்று இருந்தது. அதில் கையொப்பமிட்டவர் செபமாலை சேர்.

“கொம்பியூட்டர் வேலை செய்யேல்ல. நாளைக்கு வாங்கோ.”

இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அது குட்மோர்னிங் மாதிரி ஆகிவிட்டது. கேட்டவர்களில் ஒருவர் ரகுமத்தும்மா. மறிச்சுக்கட்டியில் இருந்து பஸ் ஏறி வருகிறவர். கணவர் காலமாகிவிட்டார். அவருடைய அங்கத்துவத்தைத் தன் பெயருக்கு மாற்றிய சான்றிதழ் அவருக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் கரையில் அவர்களுடைய படகு நிற்கும் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாற்றம் எப்போதோ அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. அச்சிடுவது மட்டும்தான் பாக்கி.

“மகள், அவர் மவுத்தாகி, நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிச்சு வந்தனான்” என்று என்னிடம் சொன்னார். “வாடைக்காத்துத் துவங்கப்போகுது, மீன் படுற காலம். மருமகன் கடலுக்குப் போகாட்டி வீட்டில அடுப்பு எரியாது. உங்கட மிசினுக்கு எப்ப சுகம் வரும்?”

உண்மையில் வழி இருந்தது. லினக்ஸ் முறைமைகள் பலவற்றைப் பென்ட்ரைவில் இருந்தே இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. வைரஸ் பிடித்த விண்டோஸை எழுப்பாமலே, கணினியின் வன்வட்டில் இருக்கும் பதிவுகளைத் திறந்து அச்செடுக்கலாம். செபமாலை சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தலைமைக் கந்தோருக்கு எழுதுவம்” என்றார்.

எழுதினோம். புதிய கணினிகள் கேட்டோம். பதில் வந்தது: புதிய கணினிகள் இல்லை, பழைய கணினிகளுக்குப் பொருத்தமான, தொடக்கநிலையாளர் எவரும் இலகுவில் கையாளக்கூடிய லினக்ஸ் முறைமை ஒன்றைத் தெரிவுசெய்து, ஒரு தொடக்கநிலையாளரைக் கொண்டு பரீட்சித்து அறிக்கை அனுப்பவும், அதுவரை அங்கீகரிக்கப்படாத எதையும் பாவிக்கவேண்டாம்.

செபமாலை சேரின் முகம் மலர்ந்தது. “குழு ஒண்டு அமைப்பம்.”

குழுவில் சேர், கணக்காளர் யூட், களஞ்சியப் பொறுப்பாளர் நிசாம் நானா, செயலாளராக நான். நான் ஒரு தாளில் விசயங்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன். கணினியில் நினைவகம் எவ்வளவு, அது அறுபத்துநான்கு பிற்றா முப்பத்திரண்டு பிற்றா, எங்கள் பிரிண்டரை எந்த முறைமை அடையாளம் காணும், பழைய பாமினி எழுத்துரு வேலை செய்யுமா என்றெல்லாம். யூட் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

“உது பிறகு. முதல்ல பேருகளைச் சொல்லுங்கோ மிஸ்.”

“உபுண்டு.”

“என்ன பாசை?”

“ஆபிரிக்கச் சொல்.”

“வெளிநாட்டுத் தலையீடு எண்டு ஒருத்தன் பேப்பரில எழுதுவான். அடுத்தது?”

“அன்ரி எக்ஸ். ஆகப் பழைய பெட்டியிலும் ஓடும்.”

செபமாலை சேர் எழுந்து நின்றார். “அன்ரி எண்டால் எதிர்ப்பு. எங்கட சங்கம் ஆருக்கு எதிர்ப்பு? இத்தனை வருசம் ஒருத்தரோடயும் பகைக்காமல் நடத்தி வந்த நிறுவனம் இது.” உட்கார்ந்தார்.

“பப்பி லினக்ஸ். சின்னது, சரியான வேகம்.”

“பப்பி எண்டால் நாய்க்குட்டியெல்லோ?” என்றார் நிசாம் நானா. “நான் தொழுகைக்குக் கைகால் கழுவி, ஒழுச் செய்துபோட்டுக் கந்தோருக்கு வாறனான் மிஸ்.”

“லினக்ஸ் மின்ட்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “மின்ட் எண்டால் இனிப்பு” என்றார் யூட். “பிழை சொல்ல ஒண்டும் இல்ல.” நினைவகத்தைப் பற்றியோ பிரிண்டரைப் பற்றியோ ஒருவரும் ஒரு சொல் பேசாமல், மின்ட் முன்னணிக்கு வந்தது.

“இனித் தொடக்கநிலையாளர்” என்றார் செபமாலை சேர். “எங்கட கந்தோரில தொடக்கநிலையாளர் ஆர்?”

யூட் தனக்கு டிப்ளோமா இருப்பதை நினைவூட்டினார். நிசாம் நானா, தன் மகன் கட்டாரில் கணினித் துறையில் இருப்பதாகவும் அந்த அறிவு குடும்பத்துக்கே பொதுவென்றும் சொன்னார். எழுதுவினைஞர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். எல்லோரும் சான்றிதழ்களோடு வந்தார்கள். கூட்டித் துடைக்கும் மரியம்மாகூட, தான் முகநூலில் இருப்பதாகச் சொல்லி விளக்குமாற்றை ஊன்றி நின்றார். இப்படி நிபுணர்களால் நிரம்பி வழிந்த கந்தோரில் ஒரு சான்றிதழ் அச்சிட ஆளில்லாமல் இருந்தது.

“வெளியில இருந்து எடுப்பம்” என்றார் யூட். “வெளிய வாங்குப் பலகையில ஒரு மனுசி இருக்கிறா. அவவை இருத்திப் பாப்பம்.”

ரகுமத்தும்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். யூட் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, நான் படகுக்குக் கடுதாசி எடுக்க வந்தனான். படிக்க வரேல்ல” என்றார். பிறகு செபமாலை சேரைப் பார்த்தார். “ஐயா, நாளைக்குக் கரையில கூட்டம். நாளைக்குக் கடுதாசி காட்டாட்டி இடம் போச்சு. அல்லாஹ்வுக்காக ஒரு முடிவு சொல்லுங்கோ. ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லுங்கோ. நான் திரும்பத் திரும்ப வரமாட்டன்.”

எங்கள் கந்தோரில் ஏலாது என்ற சொல்லை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. செபமாலை சேரின் முகம் சிவந்தது. எழுந்தார்.

“என்ர அறையில கணினி இருக்கு. அதில அடிச்சுக் குடு பிள்ளை.”

நாங்கள் ஊர்வலமாக அவருடைய அறைக்குப் போனோம். நான் றோசாவை எடுத்துவைத்துவிட்டுத் துணியை நீக்கினேன். சுவிச்சை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். மின்சார வயரே இல்லை.

“வயர் எங்க?” என்றார் சேர்.

நிசாம் நானா தொண்டையைச் செருமினார். “காவலாளிட அறையில, சோத்துக் குக்கரில கிடக்கு சேர். ரெண்டுக்கும் வயர் செருகுற வாய் ஒண்டுதான். நோன்புக்கு விடியச் சஹர்ச் சாப்பாடு சமைக்க எடுத்தனாங்கள்.”

“நோன்பு போன மாசமே முடிஞ்சுதே!”

“உது அந்த நோன்பு இல்ல சேர்” என்றார் நிசாம் நானா மெதுவாக. “அதுக்கும் முந்தினது. அதுக்கும்...” விரலில் எண்ணத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. யூட் சன்னலால் வெளியே எதையோ கூர்ந்து பார்த்தார். இத்தனை நோன்பும் இத்தனை பெருநாளும் அந்த மனிதர் வயரில்லாத கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ‘காகிதமற்ற நிர்வாகம்’ நடத்தியிருக்கிறார்.

செபமாலை சேர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். என்னை மட்டும் நிற்கச் சொன்னார். கதவு சாத்தியதும் அந்த வாசகக் குரல் இல்லை.

“பிள்ளை, நான்தான்.”

“என்ன சேர்?”

“தொடக்கநிலையாளர். நான்தான்.” கதிரையில் இருந்தார். “முந்தி ஒரு பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனனான். மவுசை எடுத்துத் திரையில வையுங்கோ எண்டு அந்தப் பெடியன் சொன்னான். திரையில ஓடுற அம்புக்குறியைச் சொல்லுறான் எண்டு எனக்குத் தெரியேல்ல. நான் மவுசைத் தூக்கித் திரையில வைச்சன். எல்லாரும் சிரிச்சினம். அதோட விட்டிட்டன்.” கதிரையை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார். “அந்த மனுசிட கடுதாசியை நான் அடிக்கிறன். பரீட்சைதானே கேட்டவை? பரீட்சை எண்டால் பரீட்சை.”

முன்மேசைக் கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய மேசையில் வைத்தேன். பிரிண்டரையும் கொண்டுவந்தேன். என்னிடம் மூன்று நான்கு பென்ட்ரைவ்கள் இருந்தன. முதலில் உபுண்டு. அழகாகத்தான் திறந்தது. ஆனால் அந்தப் பெட்டியின் சிறிய நினைவகத்துக்கு அந்த அழகு தாங்கவில்லை. ஒரு சாளரம் திறக்க ஒரு செபமாலையே உருட்டி முடிக்கலாம். அம்புக்குறி நகராமல் நின்றபோது, “நான் ஏதும் உடைச்சிட்டனோ?” என்று சேர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“இல்ல சேர். இது இந்தப் பெட்டிக்குப் பாரம்.”

அடுத்தது பப்பி. சொன்னபடியே மின்னல் வேகம். சேருக்கு உற்சாகம் வந்தது. விசைகளின் மேல் தமிழ் எழுத்துகளை ஒட்டிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து, ரகுமத்தும்மாவின் பெயரும் ஊரும் அடித்து முடித்தார். வியர்வையைத் துடைத்தார். அவர் கை தவறுதலாகச் சுவிச்சில் பட்டது. அந்த முறைமை அணைவதற்கு முன்னர், செய்த வேலையைச் சேமிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஏதோ ஆபத்து என்று நினைத்து அவர் வேண்டாம் என்பதை அழுத்தினார். எல்லாம் போய்விட்டது.

அதில் பிழை பப்பியிலும் இல்லை, அவரிலும் இல்லை. தெரிந்தவர் கையில் அது வேட்டை நாய். புதியவருக்கோ, கேட்கிற கேள்வி புரியவேண்டும். வேகம் மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

மூன்றாவதாக மின்டைப் போட்டேன். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்போடு வருவதை. எழும்ப நேரம் எடுத்தாலும் எழும்பியபின் தடக்கவில்லை. கீழே இடப்பக்க மூலையில் மெனுப் பட்டி. விண்டோஸில் பழகிய எழுதுவினைஞர்களுக்கும் கை தானாக அங்கேதான் போகும். பிரிண்டரைச் செருகியதும் தானாகவே பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பாமினி எழுத்துருவைப் பிரதிபண்ணிப் போட்டேன். அப்போது ஒரு யோசனை தோன்றி, மொழியைத் தமிழுக்கு மாற்றினேன்.

கந்தோரில் ஒருவருக்கும் தமிழ் முகப்புப் பிடிக்காது. ‘சாளரம்’, ‘கோப்புறை’ என்றால் சிரிப்பார்கள். செபமாலை சேர் முன்னால் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்தார்.

“கோப்பு. திற. சேமி. அச்சிடு.” வாய்விட்டு வாசித்தார். “ஏன் பிள்ளை, இது எனக்கு விளங்குதே!”

அதன்பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வசனம் முடியவும் அவர் சேமித்தார். சிலவேளை ஒரு சொல்லுக்கே இரண்டு தரம் சேமித்தார். நடுவில் ஒரு பட்டியலில் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமும் கலந்து வந்தபோது, “இதை மொழிபெயர்த்தவன் இடையில தேத்தண்ணிக்குப் போட்டான்போல” என்று கோபித்தார். வெளியே யூட் கதவைத் தட்டி, மறிச்சுக்கட்டி பஸ் வெளிக்கிடப்போகிறது என்றார். நிசாம் நானா, வயர்க் குற்றத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ, பஸ் நிலையத்துக்கு ஓடிப்போய்ச் சாரதியிடம் கடல், மீன், மார்க்கம் எல்லாவற்றையும் பேசிப் பஸ்சை நிறுத்தி வைத்திருந்தார்.

“அச்சிடு” என்று தானே சொல்லிக்கொண்டு செபமாலை சேர் அழுத்தினார். பிரிண்டர் இருமியது. தாள் வந்தது. பின்னால் இன்னொரு தாளும் வந்தது. அவர் எங்கேயோ அழுத்தியதில் எழுத்துகள் பூசணிக்காய் அளவாகியிருந்தன.

திருத்தட்டுமா என்று கேட்டேன். பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் இரண்டு தாளிலும் கையொப்பமிட்டு, தானே வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ரகுமத்தும்மா தூரப் பிடித்துப் பார்த்தார். “நல்ல எழுத்து ஐயா. கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம்.” தாள்களை மடித்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார். மறுநாள் கூட்டத்தில் அந்தச் சான்றிதழைப் பின்வரிசையில் இருந்தவர்கள்கூட இருந்த இடத்திலிருந்தே வாசித்தார்களாம். படகு அதன் இடத்திலேயே நின்றது.

அறிக்கை எழுதும்போது, தொடக்கநிலையாளர் பெயரை ‘குறிப்பிட விரும்பாத ஒருவர்’ என்று போடலாம் என்றார் யூட். செபமாலை சேர் மறுத்தார். ‘பரீட்சிக்கப்பட்டவர்: பொதுமுகாமையாளர்’ என்று தன் கையாலேயே தட்டச்சிட்டார். அதற்கு ஒரு காலைப்பொழுது எடுத்தது. சேமிக்கவும் மறக்கவில்லை. முன்மேசைக் கணினிகள் எல்லாவற்றிலும் மின்ட் ஏறியது. முப்பத்திரண்டு பிற்றில் இருந்த ஒரே கிழட்டுப் பெட்டிக்கு மட்டும், யாருக்கும் சொல்லாமல் அன்ரி எக்ஸ் போட்டேன். அது இன்றுவரை ஒருவரையும் எதிர்க்கவில்லை.

தலைமைக் கந்தோரில் இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இரண்டாம் பந்தியில் இப்படி இருந்தது: பழைய கணினிகளே போதுமானவை என்பது பொதுமுகாமையாளர் மட்டத்திலேயே நிரூபிக்கப்பட்டுள்ளதால், அவருக்கு ஒதுக்கப்பட்ட புதிய கணினி மேலதிகமானதாகக் கருதப்பட்டு, தலைமைக் கந்தோரின் உயரதிகாரி ஒருவரின் பாவனைக்காக மீளப்பெறப்படுகிறது.

லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. செபமாலை சேர் முன்மேசைக்கு வந்து, ஒரு பழைய பெட்டிக்கு முன்னால் இருந்துவிட்டார். அவருடைய வரிசை மெதுவாகத்தான் நகரும். அவசரக்காரர்கள் என் பக்கம் வருவார்கள். கண் மங்கியவர்கள் அவர் பக்கம் போவார்கள்.

சில வாரங்களின் பின் ஒரு காலை, வரிசை வாசல் வரை நின்ற நேரம், கொழும்புத் தலைமைக் கந்தோரில் இருந்து அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். ஓர் ஆண்குரல், தமிழில், மிகத் தாழ்ந்து, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக்கூடாது என்ற பயத்தோடு பேசியது. “பரீட்சை செய்த அந்தப் பொதுமுகாமையாளரோட கதைக்கலாமோ? அவற்ற கணினி இப்ப என்னட்டத்தான். தனிப்பட்ட விசயம்.”

சேரிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஓம் சேர்... ஓம்... விளங்குது. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஒரு நிமிசம் பொறுங்கோ.”

எழுந்தார். என்னைப் பார்த்து, “பிள்ளை, என்ர ஆக்களையும் ஒருக்காப் பாத்துக்கொள்” என்றார். தொலைபேசியோடு தன் பழைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் வரை திறக்கவில்லை. யூட் இரண்டு தரம் தட்டப் போனார். நான் விடவில்லை.